தெரியாது என்றவரின் அறம்

நம் ஊரில் கடவுளைப் பற்றிய பேச்சுக்கு இரண்டே திண்ணைகள்தாம் உண்டு. ஒன்றில் ஆத்திகர் அமர்ந்திருப்பார். எதிர்த் திண்ணையில் நாத்திகர். இரண்டுக்கும் இடைப்பட்ட நடையில் நின்றபடி, உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை என ஒருவர் சொன்னால், வேறெதிலும் ஒத்துப்போகாத அந்த இரு தரப்பாரும் அவர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார்கள். மதில்மேல் பூனை என்பார்கள், துணிவில்லாதவர் என்பார்கள். ஆத்திகர் கூடுதலாக ஒரு கேள்வியும் கேட்பார்: மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உறுதி இல்லாதவன் எதற்காக நல்லவனாக இருக்கப்போகிறான்?

இந்தக் கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். அதற்கு வாதத்தால் விடை தேடுவதைக் காட்டிலும், அந்த நடையில் வாழ்நாள் முழுவதும் நின்ற ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்பது பயன் தரும். அதனால்தான் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியைப் பற்றி எழுதுகிறேன். அங்கே நிற்பவருக்கு அக்னாஸ்டிக் என்ற பெயரை ஆக்கித் தந்தவரே அவர்தாம். நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் பாட்டனார் என்றால் சிலருக்கு எளிதில் பிடிபடும். டார்வினின் கொள்கைக்காக மேடைதோறும் மல்லுக்கு நின்றவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அது அவருடைய வாழ்க்கையில் பாதிகூட இல்லை.

1825 மே 4 அன்று லண்டனை அடுத்த ஈலிங்கில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். அப்படியிருந்தும் மகனுக்கு வாய்த்த முறையான பள்ளிப்படிப்பு இரண்டே ஆண்டுகள். மீதியெல்லாம் தாமாகக் கற்றவை; ஜெர்மன் மொழியும் அப்படியே. பதின்பருவத்தில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகுவதற்காகத் தேம்ஸ் கரையிலுள்ள ரோதர்ஹைத் பகுதிக்குச் சென்றபோது, மருந்தைவிடச் சோறு தேவைப்பட்ட நோயாளிகளைத் தெருத்தெருவாகக் கண்டார். அந்தக் காட்சி கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை. உதவித்தொகை பெற்று சாரிங் கிராஸ் மருத்துவமனையில் பயின்று, கடற்படையில் சேர்ந்து, 1846-இல் ராட்டில்ஸ்நேக் என்ற கப்பலில் உதவி மருத்துவராகப் புறப்பட்டார். கப்பல் ஆஸ்திரேலியக் கடல்களை அளந்துகொண்டிருக்க, அவர் சொறிமீன்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வுகள் அவருக்கு 1851-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியைப் பெற்றுத் தந்தன. சிட்னியில் ஹென்றியேட்டா ஹீதார்ன் என்ற பெண்ணைச் சந்தித்தார். உறுதியான வேலை கிடைத்து, அவரை லண்டனுக்கு வரவழைத்து மணம் முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. ஹென்றியேட்டா இறைநம்பிக்கை உடையவர். அது அந்த இல்லறத்துக்கு ஒருபோதும் இடையூறாக இருக்கவில்லை.

1856-ஆம் ஆண்டின் கடைசி இரவு. முதல் பிரசவத்துக்காக மனைவி உள்ளே இருக்கிறார். 31 வயதான ஹக்ஸ்லி தம் நாட்குறிப்பை எடுத்து, வருங்காலத்தில் செய்ய வேண்டியவற்றை எழுதத் தொடங்குகிறார். பொய்யும் பகட்டும் எங்கிருந்தாலும் அடித்து நொறுக்க வேண்டும். அறிவியலுக்கு மேன்மையான தொனி ஒன்றைத் தர வேண்டும். வேலை நடந்தால் போதும், அது தன் பெயரில் நடந்ததா என்று பார்க்கக் கூடாது. பிறக்கவிருக்கும் குழந்தையே இவையெல்லாம் நிறைவேறும் என்பதற்கு அச்சாரம் என்றும் எழுதுகிறார். நள்ளிரவுக்குச் சற்று முன் ஆண் குழந்தை பிறந்தது. நாட்குறிப்பில் அதைப் பதிந்து, கடவுளுக்கு நன்றி என்றும் சேர்த்துக்கொண்டார். தீவிர நாத்திகர் வாயிலும் அடிபட்டால் கடவுளே என்று வருவதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு நோயல் என்று பெயரிட்டார்கள்.

அதன்பின் அவர் வாழ்வில் பல நல்லவை நடந்தன. 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்தது. டைம்ஸ் நாளிதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர் ஹக்ஸ்லி. 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்போர்ஸுடன் நடந்த புகழ்பெற்ற மோதலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. குரங்கையும் பாட்டனையும் பற்றிய அந்தக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அங்கே பேசப்பட்ட சொற்களுக்கு முழுமையான பதிவு எதுவும் இல்லை. சொல்பவரைப் பொறுத்துக் கதை மாறுகிறது. ஒன்று மட்டும் உறுதி. அன்று அவை நடுவே தம் வாழ்வின் உச்சத்தில் நின்ற அந்த மனிதரின் வீட்டுக்குள் சரியாக 11 வாரங்கள் கழித்துச் சாவு நுழைந்தது.

செங்காய்ச்சல். இரண்டே நாளில் நோயல் போய்விட்டான். நான்கு வயது நிறையவில்லை. செப்டம்பர் 15, சனிக்கிழமை இரவு, குளிர்ந்துபோன அந்த உடலைத் தூக்கி வந்து, தாம் அமர்ந்து எழுதும் அறையில் கிடத்தினார் தந்தை. ஐந்து நாள் கழித்து, நான்காண்டுகளுக்கு முன் எழுதிய அதே பக்கத்தைத் திறந்து, பழைய குறிப்பின் கீழேயே மகனின் மரணத்தை எழுதினார். ஒரு வாரத்துக்கு முன்புதான் தானும் அவனும் துள்ளி விளையாடியதை எழுதினார். தலையணையில் நாள் முழுவதும் புரண்ட அந்தத் தலையை, அதன் கலைந்த பொன்னிற முடியை எழுதினார். கசப்பில்லாமல், இது இவ்வாறே ஆகட்டும் என்று பொருள்படும் ஆமென் என்ற பிரார்த்தனைச் சொல்லோடு முடித்தார். இந்தப் பக்கத்தை அவருடைய மகன் லெனார்ட் 1900-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் படித்தபோது, அன்று வேறு எதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அச்சமயம் அவருக்கு ஆறுதல் கூறிக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் கிங்ஸ்லி. ஆங்கிலிக்கப் பாதிரியார், நாவலாசிரியர், டார்வினின் கொள்கையை எதிர்க்காமல் வரவேற்ற அரிய சமயவாதி. பரிவோடுதான் எழுதினார். மரணத்துக்குப் பின்னும் மனிதருக்கு இருப்பு உண்டு என்ற நம்பிக்கையைத் துயருற்ற நண்பர் முன் வைத்தார். செப்டம்பர் 23 அன்று, மகனைப் புதைத்த ஈரம் காயுமுன், ஹக்ஸ்லி அதற்கு நீண்ட பதில் எழுதினார். அக்னாஸ்டிக் என்ற சொல் பிறக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஆனால் பொருள் அந்தக் கடிதத்திலேயே முழுமையாகப் பிறந்துவிட்டது.

ஆன்மா அழியாதது என்பதை நான் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை என்கிறார். நம்புவதற்கு ஆதாரம் காணவில்லை. பொய்யென்று காட்டவும் வழியில்லை. ஒரு விலங்கின் எலும்பைப் பற்றிய சிறு கூற்றைக்கூடச் சான்றில்லாமல் ஏற்காத நான், என் மகனை மீண்டும் காண்பேனா என்ற மிகப் பெரிய கூற்றை, அது இனிக்கிறது என்பதற்காக மட்டும் எப்படி ஏற்பேன் என்று கேட்கிறார். ஏங்குகிறேன் என்பது ஏங்கும் பொருள் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. மனித குலத்தின் பெரும்பகுதி பற்றிக்கொண்டிருக்கும் ஆறுதலை நீயாகவே உதறினாயே, அதனால் என்ன கண்டாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. மனைவி, மக்கள், பெயர், புகழ் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனாலும் பொய் சொல்லமாட்டேன் என்பதே அக்குரலுக்கு அவர் தந்த விடை.

கடிதத்தின் மற்றோரிடம் என்னை இன்னும் ஆழமாகத் தைத்தது. அடக்கத்தின்போது பாதிரியார் வழக்கப்படி வேதப் பகுதி ஒன்றை வாசித்திருக்கிறார். இறந்தோர் எழமாட்டார் என்றால் உண்டு குடித்து இருப்பதே மிச்சம் என்ற கருத்து அதில் வரும். புதைகுழியின் விளிம்பில் நின்ற தந்தைக்கு அது தாங்கவொண்ணா அவமதிப்பாகப் பட்டது. என் மகன் திரும்பி வரமாட்டான் என்பதற்காக நான் மிருகமாகிவிட வேண்டுமா? குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூடத் துயரத்தை மறக்கத் தீனியைத் தேடி ஓடுவதில்லையே! ஆத்திகர் கேட்கும் அந்தப் பழைய கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் கண்டதில்லை. அன்புக்குரிய ஒன்றை இழந்தவன் ஒழுக்கத்தையும் இழந்துவிடுவதில்லை. அந்த அன்பே அவனைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் அந்தக் கடிதத்தில் வேறொன்றும் உண்டு. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடும் பகுதி அது. கடவுளைப் பற்றித் தெரியாது என்று சொன்ன அதே ஹக்ஸ்லி, உலகின் நடைமுறை முழுக்க நீதியானது என்பது தமக்கு அறிவியல் உண்மைபோலத் தெளிவாகத் தெரிகிறது என்று அங்கே எழுதுகிறார். தீமை செய்தவனைத் துயரம் பற்றும். அதற்கு மறுபிறப்போ நரகமோ வேண்டியதில்லை. இந்த வாழ்விலேயே கணக்கு தீர்க்கப்படுகிறது. ஆக, 35 வயது ஹக்ஸ்லி ஒரு தூணை அகற்றியிருந்தாலும் இன்னொரு தூணில் சாய்ந்துதான் நின்றார். தண்டிக்கும் கடவுளின் இடத்தில் தண்டிக்கும் இயற்கை. அந்தத் தூண் பின்னால் என்னவாயிற்று என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் முக்கியமான கதை என்று நான் கருதுகிறேன்.

அதற்குமுன் அந்த நீதியுணர்வு செயலில் எப்படி வெளிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். 1865 அக்டோபரில் ஜமைக்காவின் மோரன்ட் பே என்ற ஊரில் கறுப்பின ஏழைகள் கிளர்ந்தெழுந்தனர். ஆளுநர் எட்வர்ட் எயர் இராணுவச் சட்டம் பிறப்பித்து அதை நசுக்கினார். 400-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 600-க்கு மேற்பட்டோர் கசையடி பெற்றனர். சுமார் 1,000 வீடுகள் எரிக்கப்பட்டன. சட்டமன்ற உறுப்பினரான ஜார்ஜ் வில்லியம் கார்டன், இராணுவச் சட்டம் செல்லாத கிங்ஸ்டனிலிருந்து அது செல்லும் இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அவசர விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டார். எயரைக் கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் தலைமையில் ஒரு குழு போராடியது. ஹக்ஸ்லி அதில் சேர்ந்தார். எயருக்கு ஆதரவாக நின்றவர்களில் ஒருவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஆறுதல் எழுதிய அதே கிங்ஸ்லி.

ஹக்ஸ்லி அவருக்குத் தம் நிலையை விளக்கி எழுதினார். கார்டன் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே அல்ல. நல்லவர்கள் தாம் நல்லவர்கள் என்ற உரிமையில் கெட்டவர்களின் கழுத்தை நெரிக்க ஆங்கிலச் சட்டம் இடம் தரவில்லை என்பது அவர் வாதம். எயர்மீதான வழக்கு நிலைக்கவில்லை. ஆயினும் அது எழுப்பப்பட்டது என்பதே அன்றைய ஏகாதிபத்திய இங்கிலாந்தில் சிறிய செய்தியன்று.

இதிலிருந்து நம்பிக்கையற்றவர் நீதியின் பக்கம், நம்பிக்கையுள்ளவர் கொடுமையின் பக்கம் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். ஹக்ஸ்லியின் நெருங்கிய தோழர்களும் சமயத்தில் ஏறக்குறைய அவர் நிலையிலேயே இருந்தவர்களுமான டிண்டாலும் ஹூக்கரும் எயரின் பக்கம் நின்றார்கள். ஆழ்ந்த கிறித்தவர்களான ஜான் பிரைட்டும் தாமஸ் ஹியூஸும் மில்லின் குழுவில் இருந்தார்கள். ஒருவருடைய இறைநம்பிக்கையைக் கொண்டு அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்குமேல் இதில் நிரூபணம் எதுவுமில்லை. ஹக்ஸ்லியும் மாசற்றவர் அல்லர். அதே 1865-இல் அடிமை ஒழிப்பை வரவேற்று எழுதிய கட்டுரையில், கறுப்பினத்தார் அறிவில் வெள்ளையருக்கு நிகராக மாட்டார் என்று எந்தச் சான்றுமின்றி அடித்துச் சொன்னார். சான்றில்லாததை உறுதியென்று சொல்லக் கூடாது என்று உலகுக்குப் போதித்தவர், தம் காலத்தின் பொதுப்புத்தியைச் சோதித்துப் பார்க்கத் தவறிய இடம் அது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 1869-இல் லண்டனில் மெய்யியல் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. கத்தோலிக்கப் பேராயர் மேனிங், பிரதமர் கிளாட்ஸ்டன், கவிஞர் டென்னிசன் முதலியோர் அதில் உறுப்பினர். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கைப் பெயர் இருந்தது. தமக்கு மட்டும் இல்லை, கூட்டத்தில் வாலறுந்த நரிபோல இருக்கிறோம் என்று ஹக்ஸ்லிக்குத் தோன்றியதாம். தாம் அறியாத பலவற்றை அறிந்ததாகச் சொல்லிக்கொண்ட பழங்காலத்து நாஸ்டிக்குகளுக்கு எதிர்ப்பதமாக அக்னாஸ்டிக் என்ற பெயரை ஆக்கிச் சூட்டிக்கொண்டார்.

இங்கே தமிழர் கவனிக்க ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரேக்கத்தின் க்னோசிஸும் வடமொழியின் ஞானமும் ஒரே வேரில் கிளைத்தவை. அக்னாஸ்டிக் என்பதை வேர்ப்படி நம் மொழியில் ஆக்கினால் அஞ்ஞானி என்றாகிறது. ஐரோப்பிய மிஷனரிகள் நம் முன்னோரை எந்தச் சொல்லால் இகழ்ந்தார்களோ, அந்தச் சொல்லின் உடன்பிறப்பை ஐரோப்பியர் ஒருவர் விரும்பி நெற்றியில் இட்டுக்கொண்டார். அறியொணாவாதம் என்று இன்று தமிழில் வழங்கும் சொல்லில் எனக்கு முழு உடன்பாடில்லை. அறிய முடியாது என்று ஹக்ஸ்லி அடித்துச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் ஓர் உறுதிப்பாடே. எனக்குத் தெரியவில்லை என்பது மட்டுமே அவர் சொன்னது. முடியாது என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் இடையே ஒரு கதவு திறந்திருக்கிறது.

1889-இல் ஹென்றி வேஸ் என்ற சமயவாதியோடு நடந்த எழுத்துப் போரில் அவர் இதைத் தெளிவாக்கினார். வேஸின் குற்றச்சாட்டு நம் திண்ணைக்காரர்களுடையதே: நம்பிக்கையில்லாதவன் என்று சொல்லத் துணிவில்லாமல் புதுப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஹக்ஸ்லியோ, இது ஒரு கொள்கையே அல்ல, ஒரு நடைமுறை என்றார். அறிவு எவ்வளவு தூரம் கொண்டுசெல்கிறதோ அவ்வளவு தூரம் செல். காட்டப்படாத ஒன்றைக் காட்டப்பட்டதுபோலப் பேசாதே. சான்றில்லாமல் உறுதி கூறுவது தவறான கணிப்பு மட்டுமன்று, ஒழுக்கக்கேடு என்பது அவர் துணிபு. அதாவது, தெரியாது என்று ஒப்புக்கொள்வதே அவருக்கு முதல் அறம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற பழைய கட்டளையைத்தான் அவர் வானம்வரை நீட்டினார்.

இத்தகையவர் 1870-இல் லண்டனின் முதல் பள்ளிக் கல்வி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பைபிளைப் பள்ளியிலிருந்து துரத்துவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவர் அதற்கு நேர்மாறாக, இறையியல் விளக்கம் எதுவுமின்றி பைபிள் வாசிக்கப்பட வேண்டும் என்றார். ஏழைப் பிள்ளைக்கு அதைவிட உயர்ந்த இலக்கியம் எளிதில் கிட்டாது. ஒடுக்குவோருக்கு எதிரான குரலும் அதில் இருக்கிறது என்பது அவர் கருத்து. தோழர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் இதில் ஐயம் உண்டு. விளக்கம் சொல்லாமல் வேதத்தை வாசிக்கும் ஆசிரியர் எங்கே கிடைப்பார்? எனினும் எதிரியின் வீட்டிலுள்ள நல்லதை நல்லதென்று சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது. வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். நோயல் இறந்த சில வாரங்களில் பிறந்த லெனார்டுக்கு மனைவியின் விருப்பப்படி ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தந்தையாக நின்றவர் ஹூக்கர்.

உழைப்பு அவரை முறித்தது. 1872-இல் வாரியத்திலிருந்து விலகினார். மறு ஆண்டு டார்வின் முதலிய 18 நண்பர்கள் சேர்ந்து 2,100 பவுண்டு திரட்டி, ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கணக்கில் சேர்த்தார்கள். அதன்பின் பதவிகள் வந்தன. ராயல் சொசைட்டித் தலைமையும் வந்தது. அவற்றைப் பட்டியலிடப்போவதில்லை. அவரை மனிதராகக் காட்டும் ஒரு சிறு செய்தி உண்டு. 1883 வாக்கில் ஜான் மார்லிக்கு எழுதிய கடிதத்தில், வயது ஏற ஏற அழிந்துபோவதன்மீது தமக்கு வெறுப்பு மிகுவதாக ஒப்புக்கொண்டார். 1900-இல் உலகில் என்ன நடக்கிறது என்று தமக்குத் தெரியாமலே போய்விடும் என்ற நினைப்பு திடீர் திடீரென்று வந்து திகிலூட்டுகிறதாம். அதற்கு நரகத்தில் கிடப்பதே மேல், அதிலும் கொஞ்சம் வசதியான மேல்தட்டாகக் கிடைத்தால் நல்லது என்று கேலியாக எழுதினார். ஆறுதல் வேண்டாம் என்று சொன்னவருக்கு ஆறுதல் தேவைப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

1887 நவம்பரில் இரண்டாவது அடி விழுந்தது. மகள் மேரியன், தேர்ந்த ஓவியர், ஓவியர் ஜான் கோலியரின் மனைவி. நெடுநாள் மனநோயால் வாடி, சிகிச்சைக்காகச் சென்ற பாரிஸில் இறந்தார். இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அந்தப் பெண் செய்த எந்தத் தீமைக்கு இந்தத் தண்டனை? அடுத்த பிப்ரவரியில் அவர் எழுதி வெளிவந்த கட்டுரையில் இயற்கையின் முகம் மாறியிருக்கிறது. அது நல்லவனுக்கு நன்மையும் தீயவனுக்குத் தீமையும் அளந்து தரும் நீதிபதி அன்று. வலியவனும் தந்திரசாலியும் பிழைக்கும் களம். மகளின் சாவுதான் அவர் எண்ணத்தை மாற்றியது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவருடைய நெறிக்கே முரண். 1860-இல் அவர் சாய்ந்திருந்த தூண் 1888-இல் அங்கே இல்லை என்பது மட்டும் எழுத்தில் தெரிகிறது.

1893 மே 18 அன்று, 33 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் ஆக்ஸ்போர்டு மேடையில் ஏறினார். வயது 68, குரல் தளர்ந்திருந்தது. பரிணாமமும் அறமும் பற்றிய ரோமானீஸ் சொற்பொழிவு. கேட்க வந்தவர்களில் பலர், பரிணாமக் கொள்கையின் படைத்தளபதி அந்தக் கொள்கையிலிருந்தே ஓர் ஒழுக்கநெறியை வடித்துத் தருவார் என்று நினைத்திருப்பார்கள். ஹெர்பர்ட் ஸ்பென்சர் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஹக்ஸ்லியோ அவர்களை நம் நாட்டுக்கு அழைத்துச் சென்றார். ரிஸ் டேவிட்ஸ், ஓல்டன்பர்க் முதலிய அறிஞர்களின் நூல்கள்வழி இந்தியச் சிந்தனையை அவர் கருத்தூன்றிப் படித்திருந்தார். நல்லவர் வாடுவதும் தீயவர் தழைப்பதும் கண்டு மனிதர் எழுப்பிய முறையீட்டுக்கு, கர்மவினை என்ற விடையை இந்தியர் கண்டதை மதிப்போடு விவரித்தார். உலகின் போக்கை நியாயப்படுத்த மனிதர் கண்ட வழிகளில் அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்றார். நிலையான ஆன்மாவையும் படைத்தவனையும் வேண்டாமலே உயர்ந்த ஒழுக்கநெறி ஒன்றைப் புத்தர் கட்டியெழுப்பியதை வியந்தார். எனினும் அவற்றில் அவர் தங்கவில்லை. உலகின் போக்கை நியாயப்படுத்தும் முயற்சியையே கைவிடச் சொன்னார்.

திருடனும் கொலைகாரனும் இயற்கையைப் பின்பற்றுகிறார்கள், வள்ளலும் பின்பற்றுகிறார். நல்ல இயல்பும் கெட்ட இயல்பும் எப்படித் தோன்றின என்று பரிணாமம் சொல்லலாம். கெட்டதைவிட நல்லது ஏன் மேல் என்று அது சொல்லாது. தகுந்தது பிழைக்கும் என்பது இயற்கையின் நடை. பிழைக்கத் தகுந்தவர்களாக எத்தனை பேரை ஆக்க முடியுமோ அத்தனை பேரை ஆக்குவது அறத்தின் நடை. இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. மறு ஆண்டு எழுதிய முன்னுரையில் இதைத் தோட்டத்தின் உவமையால் விளக்கினார். ஈஸ்ட்போர்னில் குடியேறிய பின் அவரே தோட்டக்காரர். எழுதும்போது தம் கையிலிருந்த மண்ணைத்தான் பார்த்திருப்பார். சுற்றிலும் முள்ளும் புல்லும் தம் உரிமையோடு வளரும் சுண்ணாம்புக் குன்றுகள். நடுவில் ஒரு மனிதர் மதில் எழுப்பி, நீர் ஊற்றி, களை பறித்துக் காக்கும் ஒரு துண்டு நிலம். ஒரு பருவம் கையை எடுத்தால் குன்று உள்ளே வந்துவிடும். தோட்டம் வெல்லும் என்று எவரும் உறுதி தரவில்லை. என்றாலும் காலையில் எழுந்து களை பறிக்க வேண்டும்.

ஸ்பென்சர் வருந்தினார், பரிணாமவாதியர் சிலர் இது துரோகம் என்றே கருதினர். என் பார்வையில், 1860-இல் மகனின் குழியருகே செய்ததையே அவர் 1893-இல் மீண்டும் செய்தார். அன்று பாதிரியார் நீட்டிய ஆறுதலை மறுத்தார். இப்போது தம் சொந்தக் கட்சி நீட்டிய ஆறுதலை மறுத்தார். கடவுள் இருந்து தாங்குவார் என்ற உறுதியும் இல்லை, இயற்கை இருந்து தாங்கும் என்ற உறுதியும் இல்லை. இரண்டு தூண்களும் போன பின்னும் அந்த மனிதரின் நடத்தையில் மாற்றமொன்றும் தெரியவில்லை. அதே பிடிவாதமான உண்மை பேசல், அதே உழைப்பு, அதே குடும்பப் பாசம், எதிரிகளிடம் அதே முள். தாம் சாய்ந்திருந்ததாக அவர் எண்ணிய தூண் உண்மையில் அவரைத் தாங்கவேயில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடைசி நாள்களிலும் எழுதிக்கொண்டிருந்தார். சமய நம்பிக்கையின் அடிப்படைகளைப் பற்றி ஆர்தர் பால்ஃபோர் எழுதிய நூலுக்கு மறுப்பு. முதற்பகுதி 1895 மார்ச்சில் வெளிவந்தது. இரண்டாம் பகுதி முடியவில்லை. ஜூன் 29 அன்று ஈஸ்ட்போர்னில் காலமானார். லண்டனின் வடக்கே ஃபின்ச்லி கல்லறைத் தோட்டத்தில், 35 ஆண்டுகளாகக் காத்திருந்த நோயலின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

கல்லறையில் பொறிக்க வேண்டிய வரிகளை அவரே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருந்தார். அவை ஹென்றியேட்டா எழுதிய கவிதையொன்றின் மூன்று வரிகள். அழுது காத்திருக்கும் நெஞ்சங்களை அஞ்ச வேண்டாம் என்கின்றன; இறைவன் தன் அன்புக்குரியோருக்கு உறக்கத்தைத் தருகிறான் என்கின்றன; அந்த உறக்கம் முடிவற்றதாக இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பமானால் அதுவும் நன்றே என்கின்றன. இறைவன் என்ற சொல் நம்பிக்கையுள்ள மனைவியுடையது. ஆனால் என்ற சொல்லின்மேல்தான் கணவரின் கண் விழுந்திருக்க வேண்டும்.